பானு எப்போதாவது மயங்கி விழுந்தாளா?

கிசுமு, கென்யா
9 மே 1999

உங்களுக்கு,

நான் இங்கே வந்து சேர்ந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள’ என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, காகிதத்தையே கிழித்துப்போட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள். தனியாக இருந்தால் தலைக்குள் சத்தம் அதிகமாகிறது. அதனால் எழுதுகிறேன்.

இது விக்டோரியா ஏரிக்கரை. கிசுமு நகரத்திலிருந்து லாரியில் மூன்று மணி நேரம். சுற்றிலும் மீன்பிடிக்கிற ஊர்கள். பாதியில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் முப்பத்தாறு பேரை ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துக் கால்பந்து பழக்குகிறார்கள். காலையில் ஆட்டம், பகலில் பாடம், சாயங்காலம் மறுபடி ஆட்டம். ஒடியாம்போ என்பவர் பயிற்சியாளர். அவருக்கு ஒத்தாசையாகச் சம்பளமில்லாத தொண்டர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி நான். ஆகஸ்டில் இந்த முகாம் முடியும். பிறகு வேறு பிள்ளைகள் வருவார்கள். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் பானு இறந்துபோன அன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“நீதான்டி என் பொண்ண ஓடவச்சே சாவடிச்ச.”

அதற்குப் பிறகு பதினாலு மாதம் என்னோடு ஒரு பேச்சு இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனீர்கள். நீங்கள் சொன்னது தவறு என்று நான் வாதாடவில்லை. கோட்டை மைதானத்தில் அந்தச் சனிக்கிழமை காலை, கால்பந்துப் பிள்ளைகளைப் பார்த்து “இன்னும் ஒரு ரவுண்டு” என்று விசில் ஊதிய டீச்சர் நான்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளை விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. எதனால் என்று அறுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் விடவில்லை. ஆக, எதனால் என்று நமக்குத் தெரியாது. என்னால் என்று மட்டும் ஊருக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அன்று நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, “இன்னிக்கு வேணாம், வுடு” என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு காரணம் சொல்லியிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பேன். என்ன காரணம் அது?

முகாமில் போன் கிடையாது. கிசுமுவில் ஒரு குஜராத்திக்காரரின் மளிகைக் கடை எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். ரொம்ப அவசரம் என்றால் அங்கே சொல்லலாம்.

தேவகி

*

ஆரணி
28.5.99

தேவகிக்கு,

உன் கடிதம் வந்தது. அபிதகுசாம்பாள் அக்கா நேற்று சோறு கொண்டுவந்தபோது, “ஒரு வரியாவது எழுதுடா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கே உன் சம்சாரம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் வேலை என்கிறேன். ஊரான் பிள்ளைகளை ஓடவிடப் போயிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? சொந்தப் பிள்ளையை ஓடவிட்டது போதவில்லையா உனக்கு?

நான் தறியில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தறியில் போட்ட பாவு நூல் அப்படியே நிற்கிறது. புடவை கொடுக்கச் சொன்னவர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும் என்று வந்தார்கள். நான் வீட்டில் இல்லை என்று அக்காவைச் சொல்லச் சொன்னேன். உள்ளேதான் இருந்தேன்.

அன்று ஏன் வேண்டாம் என்றேன் என்று கேட்டிருக்கிறாய். மனசுக்குப் பட்டது, சொன்னேன். பெற்றவனுக்குப் படாதா? அதற்குமேல் ஒன்றும் கிடையாது. இதை மறுபடி கேட்காதே.

சிவப்பிரகாசம்

*

கிசுமு
20 ஜூன் 1999

உங்களுக்கு,

கேட்காதே என்றீர்கள். கேட்கத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை எனக்காக இல்லை.

இங்கே அட்டியேனோ என்று ஒரு பெண் இருக்கிறாள். பதினாலு வயது. அப்பா இல்லை. அம்மா ஏரிக்கரையில் மீனைக் காயவைத்து விற்கிறாள். மற்ற பிள்ளைகள் பந்தைத் துரத்துகிறார்கள், இவளைத் தேடிப் பந்து வருகிறது. அப்படி ஆடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓடிக்கொண்டிருந்தவள் நடு மைதானத்தில் அப்படியே மடங்கி விழுந்தாள். பிள்ளைகள்தான் ஓடினார்கள். நான் போய்ச் சேரும்போது எழுந்து உட்கார்ந்து, முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

காலையில் சாப்பிடவில்லை, அதுதான் என்கிறார் ஒடியாம்போ. வாரம் ஒருமுறை வரும் நர்சம்மா கண்ணை இழுத்துப் பார்த்து, ரத்தமில்லை என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். இருதயத்தைப் பார்க்கிற மெஷின் கிசுமு பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போக அவள் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆகஸ்டு 14ஆம் தேதி கிசுமுவில் போட்டி. நைரோபியில் ஓர் உறைவிடப் பள்ளிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். நன்றாக ஆடும் இரண்டு பெண்களுக்குப் பள்ளி முடியும்வரை சாப்பாடும் படிப்பும் அவர்கள் பொறுப்பு. நோயாளிப் பெண் என்று பெயர் வந்துவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது கைவிட்டுப்போனால் அவள் கரைக்குத் திரும்ப வேண்டும். அங்கே நாற்பது வயது தாண்டிய படகுக்காரன் ஒருவன் ஏற்கெனவே பெண் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஆடவிடக் கூடாது என்று நான் நின்றேன். ஒடியாம்போ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் விண்ணப்பத்தில் பானுவைப் பற்றிப் படித்திருக்கிறார். “பொலே” என்றார். துக்கம் கேட்கும்போது இங்கே சொல்கிற வார்த்தை அது. பிறகு, “நீங்க பாக்கிறது இந்தப் பொண்ணையா, உங்க பொண்ணையா?” என்று கேட்டார்.

எனக்கே தெரியவில்லைங்க. விசிலை வாயில் வைத்தால் ஊதாமலே எடுத்துவிடுகிறேன். யார் விழுந்தாலும் பானு விழுகிறாள். என் பயத்தை நம்பி இந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுக்கலாமா? நம்பாமல் விட்டு இன்னொரு பிள்ளையைத் தூக்கட்டுமா?

அதனால் கேட்கிறேன். பானு எப்போதாவது மயங்கி விழுந்தாளா? நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, வேலூருக்கு மீட்டிங் என்று போனபோது, அவள் லீவில் இருந்தபோது வீட்டில் நீங்கள்தான் இருந்தீர்கள். ஒரு தடவையாவது தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாளா? ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள், யார் என்ன சொன்னாலும் இந்தப் பெண்ணை நிறுத்திவிடுகிறேன். இல்லையென்றால், பேசுவது என் பயம்தான் என்று ஒப்புக்கொண்டு விலகிக்கொள்கிறேன். எதுவானாலும் உங்கள்மேல் கோபப்பட மாட்டேன். நம் பானுமேல் ஆணை.

தேவகி

*

ஆரணி
6.7.99

தேவகிக்கு,

இல்லை. ஒருநாளும் இல்லை. என் பெண் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன்னோடு மைதானத்துக்கு வருகிறவரை நன்றாக இருந்தாள்.

உன் பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடுகிறாய். என் வீட்டில் இறக்காதே.

சிவப்பிரகாசம்

*

கிசுமு
24 ஜூலை 1999

உங்களுக்கு,

நேற்று உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு வரியை நாற்பது தடவை படித்திருப்பேன்.

ஒரு அறிகுறியும் இல்லை என்றால் யாராலும் தடுத்திருக்க முடியாது என்று ஆகிறது. அது ஒரு ஆறுதல். முழுசாக இருந்த பிள்ளையை நான்தான் ஓடவைத்தேன் என்றும் ஆகிறது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் மீன் உலர்த்துகிற பாறைகளுக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து ஒடியாம்போவிடம் சொல்லிவிட்டேன், பார்த்தது என் பெண்ணைத்தான், அட்டியேனோவை இல்லை என்று. அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அட்டியேனோவுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு என் நெஞ்சுமேல் படபடவென்று அடித்தது. ஓடிவந்ததால்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

14ஆம் தேதி சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போட்டி. அவள்தான் முன்னால் நின்று ஆடப்போகிறாள். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது?

தேவகி

*

ஆரணி
5.8.99, வியாழன்

தேவகி,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்குக் கைக்கு வந்தது. இப்போது மணி நாலு. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது 14ஆம் தேதி போயிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணை ஆடவிடாதே. பானு விழுந்தாள். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். நான் பொய் எழுதினேன்.

கடிதத்தைப் படித்ததும் சட்டைகூடப் போடாமல் ரங்கசாமியின் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். நீ கொடுத்த எண் ஆறாவது தடவைதான் கிடைத்தது. கடைப் பையன் யாரோ எடுத்தான். அவன் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. நான் “தேவகி, தேவகி” என்றே கத்திக்கொண்டிருந்தேன். ரங்கசாமி வாங்கி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப்பின் எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை.

தந்தி ஆபீசுக்குப் போனேன். இங்கிலீஷில்தான் போகும் என்றார்கள். அங்கே இருந்த அம்மா என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண்ணை ஆடவிடாதே, பானு இரண்டு முறை மயங்கி விழுந்தாள், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். எழுதிக்கொண்டே, “பானு யாருங்க?” என்று கேட்டார். என் மகள் என்றேன். “இப்ப எப்படி இருக்குது?” என்று கேட்டார். நான் இடுப்பிலிருந்த காசை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். அவர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை.

தந்தி உன் தபால் பெட்டிக்குப் போகும். நீங்கள் அதை எப்போது திறப்பீர்கள்? யார் திறப்பார்கள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை தேவகி.

நீ கேட்டபோது எனக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சொல்லிமுடித்த அதே நிமிஷம் எனக்குத் தெரியும், அது உனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை என்று. ஆனால் சொல்லியாகிவிட்டது. உன்மேல் போட்டதை என்மேல் எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கே செத்திருப்பேன். சாகப் பயந்து உன்னைக் கொன்றுகொண்டிருந்தேன்.

யாரோ பெற்ற பிள்ளை அது. அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது.

சிவப்பிரகாசம்

*

ஆரணி
9.8.99

தேவகி,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்று வேலூருக்குப் போய் அங்கிருந்து இன்னொரு தந்தி கொடுத்தேன். ஆரணியில் கொடுத்தது போகாமல் இருந்தால் என்று பயம். ரங்கசாமி காலையும் மாலையும் எண்ணைப் போட்டுப் பார்க்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. நேற்று ஞாயிறு, கடை இருக்காது என்றான்.

திரும்பி வரும்போது பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். ஒரு பெண் இடமில்லாமல் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் எழுந்து உட்காரச் சொன்னேன். பரவாயில்லை தாத்தா என்றாள். உட்கார்மா, உட்கார்மா என்று நான் விடாமல் சொல்லவும் பயந்துபோய் முன்னால் போய்விட்டாள். எனக்கு நாற்பத்தாறு வயதுதான் தேவகி.

அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாளாக வரவில்லை.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

சிவப்பிரகாசம்

*

கிசுமு
17 ஆகஸ்டு 1999

உங்களுக்கு,

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கடைசி வரிவரை காக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

தபாலை வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துவருவார்கள். 6ஆம் தேதி எடுத்தபோது உங்கள் தந்தி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கு முன்னாலேயே நாங்கள் பிள்ளைகளோடு கிசுமு வந்துவிட்டோம், போட்டி அவசரத்தில் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. சனிக்கிழமை காலை வாழைப்பழமும் தண்ணீரும் வாங்க அந்தக் குஜராத்திக்காரர் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், “இந்தியாவிலேருந்து யாரோ ஒருத்தர் உங்க பேரச் சொல்லி அழுதாராமே” என்றார். லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பினாராம். அவன் வந்து சொல்லவில்லை.

நீங்கள் செத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். அக்காதான் யாரையோ விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். பழத்தைப் போட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடினேன். பெட்டியில் இரண்டு தந்தி. முதலாவதைப் பிரித்தேன்.

மணி பதினொன்றரை. மைதானம் அங்கிருந்து ஒன்றரை மைல். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. நான் போனபோது ஆட்டம் பாதிக்குமேல் ஆகிவிட்டிருந்தது. அட்டியேனோ பந்தோடு போய்க்கொண்டிருந்தாள். கூட்டம் அவள் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது. நான் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். நடுவர் விசில் ஊதிக்கொண்டே என் பின்னால் வருகிறார். யாரோ சிரிக்கிறார்கள். போய் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டேன். திமிறினாள். என் கையைக் கடித்தாள். பல் பதிந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

“நீங்க என் அம்மா இல்ல. என்ன விடுங்க” என்றாள். நான் விடவில்லை. அவள் உதட்டைப் பார்த்தேன். என் கையைவிட அதுதான் நீலமாக இருந்தது. ஒடியாம்போவும் அப்போதுதான் அதைப் பார்த்தார். அதற்குமேல் அவர் என்னைத் தடுக்கவில்லை.

நைரோபிக்காரர்கள் வேறு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு பாதி மூடிக்கிடக்கிறதாம். சின்ன வயதில் தொண்டையில் வந்த காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டதால் வந்தது. இனி ஓடக் கூடாது. மாதா மாதம் ஊசி போட வேண்டும். அப்புறம் நைரோபியில் ஆபரேஷன், இடம் கிடைத்தால். இப்படியே ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அந்த டாக்டர் மெஷினை அணைத்துவிட்டு, “அத ஏன் இப்ப கேக்கறீங்க” என்றார்.

பானுவுக்கும் இதேதானா என்று கேட்டேன். தெரியாது, இதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார். மயங்கி விழுகிற பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார்.

கோபப்பட மாட்டேன் என்று ஆணையிட்டு எழுதியிருந்தேன். அந்த ஆணை போயிற்று. பதினெட்டு மாதம் நான் வெந்துகொண்டிருந்ததைத் தெரிந்தே விட்டுவைத்திருந்தீர்கள். தெரிந்திருந்தால் பானுவை நிறுத்தியிருப்பேனா? வெயில்தான் என்று நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒடியாம்போ நல்ல மனிதர், அவரே பசிதான் என்று சொன்னார். அதை நான் இனி ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது. என் பிள்ளையோடு அதையும் எடுத்துவிட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். படிக்க மாட்டேன். எனக்கு அந்த இரண்டு நாளும் வேண்டும். எந்தத் தேதி, எங்கே விழுந்தாள், என்ன உடுத்தியிருந்தாள், எழுந்து என்ன பேசினாள். ஒன்று விடாமல் எழுதுங்கள். என் பிள்ளையின் இரண்டு நாள் எனக்குத் தெரியாமல் உங்களிடம் இருக்கிறது.

தேவகி

*

ஆரணி
4.9.99

தேவகி,

நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தடவை பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. நீ தேவிகாபுரத்துக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாய். அவள் பின்கட்டில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். நான் தறியில் இருந்தேன். கயிறு தரையில் அடிபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. கூப்பிட்டேன், பதில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். பச்சைப் பாவாடை, உன் பழைய சட்டை. நான் தூக்கும்போதே கண்ணைத் திறந்துவிட்டாள். வெயில்ப்பா என்றாள். சோடா வாங்கிவந்து கொடுத்தேன். முழுசாகக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, அதற்கு அவளே சிரித்தாள்.

இரண்டாவது பிப்ரவரி 12, வியாழன். நீ வேலூர் மீட்டிங்குக்குப் போயிருந்தாய். அவளுக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. பரண்மேல் ஏறி எனக்குப் பட்டுக் கட்டு எடுத்துக் கொடுத்தாள். இறங்கி வந்து தறிக்குழி ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பேசிகினு இருந்தாள். கணக்கு டீச்சர் எப்படி மூக்கைத் துடைப்பார் என்று செய்துகாட்டினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே என் தோளில் சாய்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் தறி நாடாவைத் தள்ளி நெய்துகொண்டே இருந்தேன் தேவகி. மூன்று இழையோ நாலு இழையோ. அப்புறம்தான் பார்த்தேன். இந்தத் தடவை நேரம் ஆனது. நூறு எண்ணுகிற நேரம் இருக்கும். முகத்தில் தண்ணீர் அடித்தேன். கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, “அம்மா வந்துடுச்சா?”

இல்லை என்றேன்.

“அம்மாகிட்ட சொல்லிடாதப்பா. சொன்னா ஆட வுடாது. ஜோன்ல செலக்‌ஷன் முடியட்டும், நானே சொல்லிடறேன்.”

“உடம்புக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னா?”

“எனக்கு இன்னாப்பா ஆவப்போவுது.”

தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். மருந்துக் கடையில் கேட்டு ரத்தத்துக்கு டானிக் வாங்கிவந்து தறிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நீ குளிக்கப் போகும்போது தினம் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன். ஒன்பது நாள் குடித்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் இதுவும் பொய்தான். அவளுக்கும் உனக்கும் பேச எவ்வளவோ இருந்தது. மைதானம், மேட்ச், யார் கோல் போட்டார்கள், எல்லாம். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவீர்கள், நான் வந்ததும் நிறுத்திவிடுவீர்கள், எனக்குப் புரியாது என்று. அவளுக்கும் எனக்கும் மட்டும் என்று இருந்தது இது ஒன்றுதான். அந்த ஒன்பது நாள், அவள் டானிக்கைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும்போது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் முகம் வெளுத்திருந்தது. வேண்டாம் என்றேன். நீ ஏன் என்று கேட்டாய். அவள் உன் பின்னால் நின்று என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

சிவப்பிரகாசம்

*

கிசுமு
23 செப்டம்பர் 1999

உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஆறு நாள் ஆகிறது.

அட்டியேனோ முகாமிலேயே ஒரு அறையில் இருக்கிறாள். ஊருக்குப் போனால் ஊசி போட ஆளில்லை என்று ஒடியாம்போ அவள் அம்மாவிடம் பேசி நிறுத்திக்கொண்டார். நைரோபியிலிருந்து ஆபரேஷனுக்கு இன்னும் பதில் இல்லை. டிசம்பரில் வரலாம், வராமலும் போகலாம். படகுக்காரன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். இருதயக்காரி என்று தெரிந்தபிறகு வருவதில்லை. கெடுதலில் ஒரு நல்லது. ஆனால் அவளுக்கு ஆட்டம் போனது, படிப்பும் போனது. ஐந்து வாரமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொண்டுபோகிற கஞ்சியைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து குடிப்பாள். பேசாதவர்களுக்குச் சோறு போட எனக்குப் பழக்கம்தான்.

நேற்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை எத்தனையாவது தடவையோ படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் மூக்கைத் துடைப்பதைச் செய்துகாட்டினாள் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மிமிக்ரியை என்னிடமும் செய்வாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகி, அடக்க முடியாமல் போயிற்று. அட்டியேனோ திரும்பிப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒவ்வொரு வரியாக எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். டானிக்கைச் சொன்னேன். தலையை ஆட்டியதையும் சொன்னேன்.

“நானும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன்” என்றாள். பிறகு கேட்டாள், “உங்க பொண்ணு எந்தக் காலால உதைப்பா?”

இடதுகால் என்றேன்.

பானு செத்த நாளிலிருந்து அவளைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எப்படி, எப்போது, முன்பே ஏதாவது இருந்ததா, இதைத்தான் கேட்டார்கள். அவள் எப்படி ஆடினாள் என்று கேட்டது இவள் ஒருத்திதான். நான் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்காரவில்லை. அது வரவில்லை. வருமா என்று தெரியாது. அந்த ஒன்பது நாளை நினைத்தால் உங்கள்மேல் இன்னும் ஆத்திரம் பொங்குகிறது, அந்தக் கண்ணடிப்பை நினைத்தால் உங்கள்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது.

அட்டியேனோவுக்கு ஒரு வழி தெரிகிறவரை இருப்பேன். அதற்குப் பிறகு ஆரணிக்குத்தான் வருவேன். நம் வீட்டுக்கே வருவேன். சேர்ந்து வாழ்வதற்கா, இல்லையா என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பானுவைப் பற்றிப் பேச வேண்டும். அவளைத் தெரிந்த ஆள் வேண்டும். அது உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான்.

தேவகி